மேளத்தை எடுத்தவன்

காதுல மாட்டியிருக்கியளே அண்ணாச்சி, சினிமாப் பாட்டா? கேளுங்க, கேளுங்க, நான் ஒண்ணும் சொல்லல. தனியா கேட்டா ஒரு தொல்லையும் இல்ல. ஆனா ஒங்க வீட்டு விசேஷத்துல அதப் போட்டு, அத எவனாவது வீடியோ எடுத்து, அந்த வீடியோவ நெட்ல ஏத்துனான்னு வைங்க, அவன் கத முடிஞ்சுது. நான் பட்டவன். அதான் சொல்லுதேன்.

கொஞ்சம் தள்ளுங்க, பைய இங்கன வச்சுக்கிடுதேன். முன்னால சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு. இருந்தாலும் கடைசியில வந்து உக்காந்தேன். ஏன்னு கேட்டியள்னா பொறவு சொல்லுதேன். தென்காசி வரைக்கும் போறேன், கோர்ட்டுக்கு. பயப்படாதீங்க, நான் ஒரு தப்பும் பண்ணல. சாட்சிதான். சாட்சி சொல்லப் போறவனுக்கு எதுக்கு விடியக்காலமே எந்திரிச்சு சட்டையத் தேச்சுத் தேச்சு நிக்கணும்னு வீட்டுக்காரி கேக்கா. அவளுக்கு என்ன தெரியும்.

என் பேரு உச்சிமாகாளி. புளியங்குடியில 'மாகாளி டிஜிட்டல்'னு கேட்டா யாரும் வழி சொல்லுவாவ. கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாம் எடுப்பேன். கொஞ்ச வருசமா துட்டி வீடும் எடுக்கேன். சாவு வீட்டுல போயி கேமராவான்னு மூஞ்சியச் சுளிக்காதீங்க. எங்க தெருவுல பாதிப் பயலுவ துபாய்லயும் மலேசியாவுலயும் கெடக்கான். அப்பன் செத்தா லீவு கெடைக்காது. லீவு கெடச்சா டிக்கெட்டு கெடைக்காது. அவன் அங்க ரூம்ல உக்காந்து போன்லயாவது அப்பன் மொகத்தப் பாத்து அழணும்ல? அதுக்குத்தான் லைவ். இதப் பெரிய புண்ணியம்னு சொன்னவங்க இருக்காவ. நான் சொல்லல, அவிய சொன்னது.

போன ஐப்பசியில வேலாயுதம் மாமா தவறிட்டாவ. எலுமிச்சங்காய் கமிஷன் கட வச்சிருந்தாவ. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போயி, படுக்கையிலயே கெடந்து போனாவ. மவன் கோமதிநாயகம் சார்ஜாவுல இருக்கான். மவ உலகம்மா. பாவம், அந்தப் பிள்ளைய மாப்பிள்ள வீட்டுல தள்ளி வச்சுட்டாவ. கைப்பிள்ளையோட வந்து அம்மா வீட்டு முன்ரூம்ல மிஷின் போட்டுத் தைக்குது. மாமா சம்சாரம் ஆவுடையம்மா. நான் அத்தைன்னுதான் கூப்புடுவேன். சொந்தம்லாம் கெடையாது, தெருப்பழக்கம். கோமதியும் நானும் ஒண்ணாப் படிச்சோம், பள்ளிக்கூடம் விட்டா நேரா அந்த வீட்டு அடுப்படிதான். அந்தக் கையால நான் தின்ன சோறு... சரி, அத விடுங்க.

கோமதி போன் போட்டான். "ஏல மாகாளி, எங்கப்பா மொகத்த நல்லாக் காட்டுல. சத்தமும் வேணும். எங்கம்மா அழுறது எனக்குக் கேக்கணும்ல"னு தேம்பித் தேம்பி அழுதான். சத்தம் வேணும்னு கேட்டது அவன். இத மனசுல வச்சுக்கிடுங்க. நான் புதுசா ஒரு மைக் வாங்கியிருந்தேன், கட்டவெரல் தண்டிதான் இருக்கும். அத மாமா தலமாட்டுல, குத்துவெளக்குக்குப் பின்னால வச்சேன். கேமரா தள்ளித்தான் நின்னுச்சு. பொம்பளையாளுக அழுற எடத்துல கேமராவக் கிட்டக் கொண்டுபோவ மாட்டேன். எனக்குன்னு ஒரு மொற இருக்கு அண்ணாச்சி.

நீங்க எந்த ஊரு? மெட்ராஸா? அப்ப எங்க ஊரு நீர்மாலை பாத்துருக்க மாட்டிய. குளிப்பாட்டத் தண்ணி எடுக்க ஆம்பளையாளுக மேளத்தோட போவாவ. மவன் இல்லாததால தம்பி மவன் போனான். கொடத்தோட திரும்பி வரும்போது வாசல்ல ஒரு அடி அடிப்பானுவ பாருங்க, பக்கத்துல நிக்கவன் பேசுதது ஒங்களுக்குக் கேக்காது. அந்த நேரத்துலதான் பொண்டாட்டிக்காரி குனிஞ்சு புருசன் காதுல சொல்ல வேண்டியதச் சொல்லுவா. எங்க தெருவுல அப்படித்தான். என்ன சொன்னான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ. மாமியாரும் கேக்கக் கூடாது, பெத்த மவளும் கேக்கக் கூடாது. ஏசியிருப்பா, அழுதுருப்பா, உசுரோட இருக்கவன் ஒருத்தன்கிட்டயும் சொல்ல முடியாதது ஏதாவது இருக்கும். சொல்லிட்டு நிமிருவா. அதோட போச்சு. அந்த மேளம் எதுக்குன்னு நெனச்சிய? அதுக்குத்தான்.

அது எனக்குத் தெரியும். தெரியாதுன்னு நான் எங்கயும் சொல்லலையே.

மாமாவுக்கு ஒரு பழைய சினிமாப் பாட்டுன்னா உசுரு. பேண்டு செட்டுக்காரனுவ மேளத்தோட சேத்து அதத்தான் வாசிச்சானுவ. அங்கதான் சனி புடிச்சுது. பாட்டுக் கம்பெனிக்காரனுக்கு மெஷின் இருக்கு அண்ணாச்சி. எந்த மூலையில எவன் அந்தப் பாட்ட ஏத்துனாலும் அது மோப்பம் புடிச்சுரும். எங்க ஊரு கிளாரினெட்டு பாதிச் சுதி எறங்கித்தான் கெடக்கும், அதையே கண்டுபிடிச்சுட்டுன்னா பாத்துக்கிடுங்க. லைவ் ஓடிக்கிட்டு இருக்கும்போதே சத்தத்த அமுக்கிட்டான். கோமதிக்குப் படம் தெரியுது, சத்தம் இல்ல. எனக்கு எச்சரிக்கை வருது, காப்பிரைட்டு உள்ளத எடுத்துட்ட, இனிமே பண்ணுனா சேனலையே தூக்கிருவோம்னு.

எனக்கு அது மனசக் குத்திட்டு. நெசமாவே சொல்லுதேன். எவனோ ஒருத்தன் மண்டைய ஒடச்சுப் போட்ட மெட்டு, அது அவன் சொத்து. கேக்காம எடுத்தது தப்புதான? கொஞ்ச நாள் கழிச்சு, இங்கிலீசு தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தரப் புடிச்சு அந்தக் கம்பெனிக்கு மன்னிப்பு கேட்டு எழுதி அனுப்புனேன். பதில் வரல. வராட்டா என்ன, எனக்கு ஒரு நிம்மதி. தப்புப் பண்ணுனா மன்னிப்பு கேட்டுரணும். நான் அப்படி வளந்தவன்.

கோமதிதான் விடல. "எல்லாம் பாத்தேன்ல. நீர்மாலை வரும்போது அம்மா குனிஞ்சாளே, அது மட்டும் கேக்கல. ஏதாவது பண்ணுல"ன்னான். எங்கிட்ட ஒரு சாப்ட்வேர் இருக்கு, பாட்டத் தனியா பேச்சத் தனியாப் பிரிக்கது. கல்யாண வேலைக்கு வாங்குனது. கேமரா சிப்புல சத்தம் முழுசா இருக்குல்லா, அத எடுத்துப் போட்டேன். கிளாரினெட்டு போச்சு. மேளம் போச்சு. சங்கு போச்சு. மிச்சம் அத்த கொரலு மட்டும். மொதல்ல கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரிதான் இருந்துச்சு. இரைச்சலக் கழிச்சுக் கழிச்சு, நம்ம பக்கத்துல உக்காந்து சொல்லுத மாதிரி ஆக்கிட்டேன். பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். திரும்ப ஏத்துனேன். பாட்டு இல்லல்லா, கம்பெனிக்காரன் வாயத் தொறக்கல.

என்ன சொல்லுதாவன்னு நான் கவனிக்கல அண்ணாச்சி. வேலையில இருக்கும்போது சத்தம்தான் காதுல விழும், சொல்லு விழாது.

ஆனா சார்ஜாவுல விழுந்துட்டு. அவனுக்கு மட்டுமா? சொந்தக்காரங்க எல்லாம் பாக்கணும்னு யாரும் தொறக்குத மாதிரி போட்டுருந்தேன். எல்லார் காதுலயும் விழுந்துட்டு. எவனோ ஒரு எடுபட்ட பய அந்தத் துண்ட மட்டும் வெட்டி வாட்சப்புல விட்டான், அதுக்கு அடியில சிரிக்கப் பொம்ம வேற. கண்டக்டர், டீக்கடைக்காரன், கமிஷன் கடைப் பயலுவ எல்லாரும் கேட்டாச்சு, நீங்க கேட்டா என்ன. அத்த சொன்னது இதான்: "ஏங்க, ஒங்களுக்கு நெனவு இல்லாதப்ப ஒங்க கையப் புடிச்சு நாந்தான் ரேகை வச்சேன். வீடு உலகம்மாவுக்குன்னு எழுதிட்டேன். நீங்க வாயால சொன்னதத்தான் செஞ்சேன். இருந்தாலும் ஒங்க கையத் திருடிட்டேன். மன்னிச்சிருங்க."

அவ்வளவுதான்.

மாமா நல்லா இருக்கும்போதே கடையில வச்சு சொல்லுவாவ, வீடு எம்பொண்ணுக்குத்தான், மவன் சம்பாதிச்சுக்கிடுவான்னு. நானே கேட்டுருக்கேன். எழுதி வைக்கதுக்குள்ள வாதம் வந்துட்டு. காரியம் முடிஞ்சு அத்த உயிலக் காட்டுனப்ப கோமதியும் சரின்னுட்டான். அப்பா இஷ்டம்னுட்டான். அதுக்கப்புறம் என் வீடியோவக் கேட்டான். எனக்குப் போன் பண்ணுனான், இந்தத் தடவ அழல. "வீடு போனா போவுதுல. அப்பா கைய வச்சு அம்மா என்னய ஏமாத்திட்டாளே"ன்னான். உயில் செல்லாது, பங்கப் பிரிச்சுக் குடுன்னு கேஸப் போட்டுட்டான். ஒரு வீடு, அதுல எங்க பிரிக்க? வித்துத்தான் பிரிக்கணும். வித்தா அத்தையும் உலகம்மாவும் அந்தச் சின்னப் பிள்ளையும் வாடகைக்கு வீடு தேடி அலையணும்.

அவன் கேக்கதும் நியாயம்தான? பெத்த அப்பன் வீடு. நெனவில்லாத ஆளு கையில ரேகை வைக்கது சரியா, நீங்களே சொல்லுங்க? அத்த பண்ணுனது தப்பு. தப்ப யார் பண்ணுனாலும் தப்புதான். ஏன் தலையத் தலைய ஆட்டுதிய, சரிங்கிறியளா இல்லங்கிறியளா?

கோமதி வக்கீல் என்னயக் கூப்புட்டு விட்டாரு. இந்த மாதிரி வீடியோ கோர்ட்டுல செல்லணும்னா எடுத்தவன் ஒரு சான்று குடுக்கணுமாம். நாந்தான் எடுத்தேன், மெஷின் ஒழுங்கா ஓடுச்சு, எடுத்தது எடுத்தபடி இருக்குன்னு. "தம்பி, இதுல எதையாவது சேத்தியளா?"ன்னு கேட்டாரு. இல்ல சார்னேன். சேக்கலையே அண்ணாச்சி. ஒரு சொல்லு சேத்தனா? எடுக்கத்தான செஞ்சேன். எடுத்ததப் பத்தி அவரு கேக்கல, நானும் சொல்லல. கையெழுத்துப் போட்டுட்டேன். அத்த பக்கத்து வக்கீலு சும்மா இருப்பாரா? இது புருசன் காதுல ரகசியமாச் சொன்னது, அத ஊருக்குப் போட்டுக் காட்ட இவன் யாரு, இதுல என்னமோ வேலை பாத்துருக்கான், ஒரிஜினலக் கொண்டாங்கன்னு குதிக்காரு. ஒரிஜினல் அழிஞ்சுட்டுன்னு எழுதிக் குடுத்துருக்கு.

அத்த ஒரு நாள் ஸ்டுடியோவுக்கு வந்தாவ. உள்ள ஒரு கல்யாணப் பொண்ணுக்குப் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன். தாலியறுத்தவ கண்ணுல புதுப்பொண்ணு படக் கூடாதுன்னு அவியளே நெனச்சுக்கிட்டு, வாசப்படிக்கு வெளிய வெயில்லயே நின்னுருக்காவ. எனக்குத் தெரியல. பொண்ணு போனப்புறம்தான் உள்ள வந்தாவ. வையப் போறாவன்னு நெனச்சேன். வையல.

"மாகாளி, அந்த மேளத்தத் திரும்பப் போட்டுருய்யா"ன்னாவ.

என்ன அத்தேன்னு கேட்டேன்.

"நீ எடுத்துட்டன்னு சொல்லுதாவ. எடுத்தத எங்கயாவது வச்சிருப்பல்லா? அத எடுத்து அங்கனயே போட்டுரு. எல்லாரும் பழையபடி மேளத்தக் கேட்டுட்டுப் போவட்டும்."

கடன் வாங்கிட்டுப் போன பாத்திரத்தக் கேக்கது மாதிரி கேக்காவ அண்ணாச்சி. அப்படிலாம் முடியாது அத்தே, நெட்ல போனது போனதுதான்னு வெளக்கமாச் சொன்னேன். "அப்ப கோர்ட்டுலயாவது மேளத்தோட காட்டுய்யா"ன்னாவ. அழிஞ்சுட்டு அத்தேன்னேன். என் மூஞ்சியப் பாத்தாவ. "சரி. சாப்ட்டியா?"ன்னாவ. சாப்ட்டேன்னேன். போயிட்டாவ. ரெண்டு வார்த்த வஞ்சிருக்கலாம்ல? நாசமாப் போன்னு மண்ண வாரித் தூத்தியிருக்கலாம்ல? அதான் எனக்கு அவியமேல கோவம். அன்னையில இருந்து எந்த வீட்டுல எல போட்டுச் சாப்புடக் கூப்புட்டாலும் எனக்கு அந்தச் 'சாப்ட்டியா'தான் காதுல விழுது. சோறு எறங்க மாட்டேங்கு.

அந்தக் காதுக் குழாய ஒரு நிமிசம் என் போன்ல மாட்டிக் கேளுங்களேன். ஒண்ணு போடுதேன். ம், மாட்டிட்டியளா? படத்தப் பாருங்க. நடுவுல குனியுதாவ பாருங்க, அவியதான் அத்த. ஒதடு அசையுதா? என்ன சொல்லுதாவன்னு கேக்குதா? சத்தத்தக் கூட்டுங்க. இன்னும் கூட்டுங்க. கேக்காது. மேளம்தான் கேக்கும். அங்கனயே நின்ன எனக்கே கேக்கல.

ஆமா, ஒரிஜினல்தான். அழியல. இந்தா, இந்தப் போனுக்குள்ள போட்டுருக்க சிப்புதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதச் சட்டப் பையில போட்டுக்கிட்டுப் போறேன். இன்னைக்குக் குடுத்துரணும்னுதான் போறேன். கோர்ட்டு வாசல்ல போயி நின்னதும், பையிலயே இருந்துட்டுப் போட்டும்னு தோணிருது. வீட்டுக்கு வந்து டிராயர்ல வச்சுப் பூட்டிருதேன். குடுத்தா அந்த வீடியோ கோர்ட்டுல செல்லாமப் போயிரும். ஆனா எனக்கு என்ன ஆவும்? மாத்தாததுன்னு பொய்யா எழுதிக் குடுத்தவன்னு என்னயத் தூக்கி உள்ள வைப்பாவ. அப்புறம் எந்தக் கல்யாண வீட்டுல என்னயக் கூப்புடுவாவ? எனக்கும் பொம்பளப் பிள்ள இருக்கு.

குடுக்காட்டா? இன்னைக்கு நான் கூண்டுல ஏறி ஆமான்னு ஒரு சொல்லுச் சொன்னா அத்த கத முடிஞ்சுது. இதான் மிச்சம் இருக்க சாட்சியாம்.

ஒண்ணு சொல்லட்டா. மொத தடவ பிரிச்சப்போ 'கையத் திருடிட்டேன்'ங்கது சரியா வரல. 'கைய'ங்கது வரைக்கும் இருக்கு, அடுத்த சொல்லு மேளத்துக்குள்ள முங்கிக் கெடக்கு. மனசு கேக்கல. அந்த எடத்த மட்டும் தனியா வெட்டி எடுத்து, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, என்ன சொல்லுன்னு தெரிஞ்சப்புறம் அதுக்கு மட்டும் சத்தத்தத் தூக்கிவிட்டேன். அப்படித் துல்லியமா வந்துச்சு.

என்ன அப்படிப் பாக்கிய? கவனிக்கலன்னு சொன்னனா?

சொன்னேன். சொன்னேன்தான். கேட்டேன் அண்ணாச்சி. ஏத்துததுக்கு முன்னாலயே கேட்டேன். எல்லாம் வெளங்குச்சு. இத நிறுத்திரலாம்னு ஒரு நெனப்பு வந்துச்சு. ஆனா எவ்வளவு சுத்தமா வந்துருக்கு, கோமதி கேட்டா அசந்துருவான்னுதான் விரலு போயி அமுக்கிட்டு. அதுக்குத்தான் கம்பெனிக்காரனுக்கு மன்னிப்பு எழுதுனேனோ என்னமோ. அவன்கிட்ட கேக்கது லேசு.

ஏன் முன்னால உக்காரலன்னு கேட்டியள்லா? டிரைவருக்குப் பின் சீட்டுல கத்திரிப்பூ கலர் சேல தெரியுதா? அவியதான் அத்த. கோர்ட்டு நேரத்துக்கு இத விட்டா வேற பஸ்ஸு கெடையாது. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு பின்வழியா ஏறிட்டேன். என்னயப் பாக்கல.

இருங்க, கண்டக்டர் இப்பத்தான் கடைசிக்கு வந்துருக்காரு. அண்ணே, தென்காசி ஒண்ணு. என்னது? எனக்கா? நான் இன்னும் எடுக்கலையே. யாரு எடுத்தா?

கேட்டியளா அண்ணாச்சி என்ன சொல்லிட்டுப் போறாருன்னு? முன்னால ஒரு அம்மா ரெண்டு டிக்கெட்டா எடுத்துட்டாவளாம். கடைசி சீட்டு, வெள்ளச் சட்ட, நம்ம ஊருப் பையன்னு அடையாளம் சொல்லி எடுத்துருக்காவ.

எங்க ஊருல அது வழக்கந்தான். பஸ்ல தெரிஞ்ச மொகத்தப் பாத்தா டிக்கெட்டு எடுத்துருவாவ. பெரிய விசயம் இல்ல. ஆனா எனக்கா? அவிய வீட்டப் புடுங்கப் போற சாட்சிக்கா? நான் எங்க போறேன், எதுக்குப் போறேன்னு அவியளுக்குத் தெரியும் அண்ணாச்சி. எல்லாம் தெரிஞ்சுதான் எடுத்துருக்காவ. ஏறும்போதே பாத்துருக்காவ. நான் ஒளிஞ்சதையும் பாத்துருப்பாவ.

இல்ல, ஒண்ணுமில்ல. தூசி. கடையநல்லூர் தாண்டுனாலே ரோட்டுல ஒரே தூசிதான்.

அண்ணாச்சி, ஒரு ஒதவி பண்ணுங்க. நான் போன்ல இருந்து கழட்டித் தாரேன். இந்தாங்க சிப்பு. எறங்கும்போது அந்தக் கத்திரிப்பூச் சேல கையில குடுத்துருங்க. வக்கீல்ட்ட குடுக்கச் சொன்னாவன்னு மட்டும் சொல்லுங்க. யாரு தந்தான்னு கேட்டா தெரியாதுன்னுருங்க. நான் பின்வழியா எறங்கிக்கிடுதேன். நீங்க அசலூரு, ஒங்களுக்கு ஒண்ணும் வராது. பத்திரம், நகத்து அளவுதான் இருக்கு, கீழ விட்டா போச்சு.

வந்துட்டா? அதுக்குள்ளயா? ஆமா, கோர்ட்டு ஸ்டாப்புதான். கூட்டம் எறங்கட்டும். அவிய எறங்கட்டும் மொதல்ல.

இருங்க. எந்திரிச்சவிய ஏன் எறங்காம நிக்காவ? இந்தப் பக்கம் திரும்புதாவ.

"மாகாளி... ஏய்யா மாகாளி, தூங்கிட்டியா? கோர்ட்டு வந்துட்டுய்யா, எறங்கு."

அந்தச் சிப்பத் தாங்க அண்ணாச்சி. தாங்க. இல்ல, பையில போட மாட்டேன். பையில போட்டா அங்கயே இருந்துரும். உள்ளங்கையில வைங்க.

இந்தா வாரேன் அத்தே.